ஏர் இந்தியா: டிக்கெட் போடும் முன் எந்த விமானம் என்று பாருங்கள்

வெளிநாட்டுக்கு டிக்கெட் போடும்போது கட்டணத்தைப் பார்க்கிறோம், புறப்படும் நேரத்தைப் பார்க்கிறோம், டெல்லியிலோ மும்பையிலோ எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பார்க்கிறோம். எந்த ரக விமானம் வருகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. ஏர் இந்தியாவைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஏர்பஸ் ஏ350 வந்தால் உலகின் நல்ல விமான நிறுவனங்களுக்கு இணையாக வைத்துப் பேசக்கூடிய பயணம். உள்ளே சீரமைக்கப்படாத போயிங் 777 வந்தால், பதினைந்து மணி நேரம் உட்காரப் போகும் சீட் சாயுமா, திரை ஓடுமா என்பதே ஏறிய பிறகுதான் தெரியும். இரண்டுக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

இந்த நிலை ஏன் வந்தது, எப்போது மாறும் என்று புரிந்துகொண்டால் டிக்கெட் எடுப்பதில் பாதித் தவறுகளைத் தவிர்க்கலாம். 2022 ஜனவரி 27 அன்று டாடா குழுமம் நிறுவனத்தை அரசிடமிருந்து பெற்றுக்கொண்டது. ஏலத் தொகை 18,000 கோடி ரூபாய். அதில் 15,300 கோடி, நிறுவனத்தின் கடனை ஏற்றுக்கொண்ட கணக்கு. 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கான ஆர்டர் அறிவிக்கப்பட்டது: ஏர்பஸ்ஸிடம் 250, போயிங்கிடம் 220. 2024 டிசம்பரில் ஏர்பஸ்ஸிடம் இன்னும் 100. எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் ஆர்டர் போட்ட விமானம் வரிசையில் நின்றுதான் வரும். அது வரும்வரை பழைய விமானங்கள்தான் ஓட வேண்டும். அவற்றின் உள்ளே புதிய சீட் பொருத்த வேண்டுமென்றால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஓட்டத்தை நிறுத்தினால் ஏதோ ஒரு ஊருக்கான சர்வீஸ் போய்விடும். ஏர் இந்தியாவின் இன்றைய சிக்கல் முழுவதும் இந்த முடிச்சில்தான் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். ஏ350-900 விமானத்தில் 316 சீட்கள். பிஸினஸில் 28, பிரீமியம் எகானமியில் 24, எகானமியில் 264. பிஸினஸ் 1-2-1 அமைப்பு, அதாவது ஒரு வரிசையில் ஜன்னல் ஓரங்களில் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு, இடையில் நடைபாதை. ஒவ்வொரு சீட்டுக்கும் இழுத்து மூடும் கதவு உண்டு, யாரையும் தாண்டாமல் நடைபாதைக்கு வரலாம், முழுக்கப் படுக்கையாகும். பிரீமியம் எகானமி 2-4-2. இருவராகப் போகிறவர்கள் ஜன்னல் பக்க ஜோடி சீட்டை எடுத்தால் மூன்றாம் ஆளைத் தாண்ட வேண்டியதில்லை. கூடுதல் பணத்துக்கு இந்த விமானத்தில் அதிகப் பலன் தருவது இந்த வகுப்புதான் என்பது எங்கள் முடிவு. எகானமி 3-3-3. கேபின் அமைதியானது, திரைகள் பெரியவை, தெளிவானவை.

ஏர் இந்தியாவின் முதல் ஆறு ஏ350 விமானங்களும் முதலில் ரஷ்யாவின் ஏரோஃப்ளோட்டுக்காகக் கட்டப்பட்டவை. தடைகள் காரணமாக அங்கே போக முடியாமல் நின்றவற்றை ஏர் இந்தியா எடுத்துக்கொண்டது. அதனால்தான் ஆர்டர் அறிவித்த பத்தே மாதத்தில், 2023 டிசம்பர் 23 அன்று, முதல் ஏ350 டெல்லியில் இறங்க முடிந்தது. 2024 ஜனவரி 22 முதல் பயணிகளோடு பறக்கத் தொடங்கியது. முதலில் பெங்களூரு, மும்பை, சென்னை, ஹைதராபாத், டெல்லி என்று உள்நாட்டுக்குள் ஓடியது. புது ரக விமானத்துக்கு விமானிகளும் பணியாளர்களும் பழக வேண்டும், ஏறி இறங்கும் எண்ணிக்கை கூட வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்வது வழக்கம். 2024 செப்டம்பர் முதல் டெல்லி–லண்டன் ஹீத்ரோ, நவம்பர் முதல் டெல்லி–நியூயார்க். வேறொருவருக்காகச் செய்த சீட் என்பதால் ஏர் இந்தியா தானாக வடிவமைத்த பொருள் இது என்று சொல்ல முடியாது. ஆனாலும் இதுவரை அந்த நிறுவனம் கொடுத்ததில் மிகச் சிறந்தது இதுதான். குறை ஒன்றே: இருப்பது ஆறு. ஒன்று பராமரிப்புக்குப் போனால் மீதி ஐந்து. அன்றைக்கு உங்கள் ஏ350-க்குப் பதிலாக வேறு எது வேண்டுமானாலும் வரலாம்.

அடுத்து போயிங் 787-8. 2012 செப்டம்பர் முதல் வந்து சேர்ந்தவை. பழைய அமைப்பில் 256 சீட்: பிஸினஸ் 18, எகானமி 238. பிரீமியம் எகானமி என்ற வகுப்பே கிடையாது. பிஸினஸ் 2-2-2, ஜன்னல் ஓரம் இருப்பவர் இரவில் எழுந்து போக வேண்டுமென்றால் பக்கத்தில் படுத்திருப்பவரைத் தாண்ட வேண்டும். எகானமியில் ஒரு நல்ல விஷயம் உண்டு: பழைய 787, 777 இரண்டிலுமே வரிசைக்கு வரிசை உள்ள இடைவெளி புதிய ஏ350-ஐ விடக் கொஞ்சம் தாராளம். உயரமானவர்களுக்கு முட்டி இடிக்காது. சீட் எல்லாம் சரியாக வேலை செய்யும் ஒரு பழைய 787-இல் பகல் நேரப் பயணம் மோசமில்லை.

வேலை செய்யாவிட்டால்தான் பிரச்சினை. சீட்டின் சாய்மானம் ஒரு கேபிளாலும் சிறு வாயு உருளையாலும் இயங்குகிறது. கேபிள் தளர்ந்தால் சீட் சாயாது. உருளை கசிந்தால் சாய்த்த இடத்தில் நிற்காமல் தானாகப் பின்னால் போகும். திரைக்கான மின்சாரமும் தரவும் சீட்டுக்கு அடியில் உள்ள ஒரு பெட்டி வழியாக வருகிறது. அந்தப் பெட்டி கெட்டால் அடுத்தடுத்த இரண்டு மூன்று திரைகள் சேர்ந்து அணையும். பக்கத்துத் திரையும் அணைந்திருந்தால் பணியாளர் "ரீசெட்" செய்து பார்ப்பதில் பலன் குறைவு, இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதே நல்லது. பத்துப் பதினைந்து வருடம் பழைய சீட்டுக்கும் திரைக்கும் உதிரி பாகம் செய்வதை அதன் தயாரிப்பாளரே பெரும்பாலும் நிறுத்திவிடுவார். ஒரு விமானத்தில் கழற்றி இன்னொன்றில் மாட்டித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அப்படி ஓடும் விமானத்தில் ஒரு வரிசை சரியானால் இன்னொரு வரிசை கெடும்.

அப்படியானால் புது சீட்டை வாங்கி மாட்டிவிடலாமே என்று தோன்றும். பேருந்து சீட் மாற்றுவது போல இது முடியாது. விமான சீட் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு (16 ஜி) முன்விசையும் 14 மடங்கு கீழ்நோக்கிய விசையும் தாங்குகிறதா என்று மோதல் பொம்மையை உட்கார வைத்துச் சோதிக்கப்படும். முன் சீட்டில் தலை இடித்தால் ஏற்படும் காயத்தின் அளவு 1000 என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். மெத்தை, துணி, பிளாஸ்டிக் எல்லாம் தீச் சோதனையில் தேற வேண்டும். கதவு உள்ள பிஸினஸ் சீட் என்றால் அவசர நேரத்தில் கதவு சிக்கிக்கொண்டாலும் பயணி வெளியே வர முடியும் என்று காட்ட வேண்டும். இதே சீட் இன்னொரு ரக விமானத்துக்குப் போனால் தரையில் பொருத்தும் தண்டவாளம், பக்கச் சுவரின் வளைவு எல்லாம் வேறு; பல சோதனைகள் மறுபடியும். உலகில் இந்த வேலையைச் செய்யும் சீட் நிறுவனங்கள் சில மட்டுமே. கொரோனா காலத்தில் அனுபவமுள்ள ஆட்களை இழந்த பிறகு, எல்லா விமான நிறுவனங்களும் ஒரே நேரத்தில் அவர்கள் வாசலில் நிற்கின்றன. காசு இருந்தால் மட்டும் வேலை நடக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான துறை இல்லை.

ஏர் இந்தியாவின் சீரமைப்புத் திட்டம் 40 கோடி டாலர். மொத்தம் 67 பழைய விமானங்கள்: 27 ஏ320நியோ, மீதி 40 பெரியவை. சின்னவை முதலில் எடுக்கப்பட்டன, அது சரியான வரிசைதான். 2024 செப்டம்பரில் தொடங்கி ஓராண்டுக்குள்ளாகவே அந்த 27-லும் பெரும்பகுதி முடிந்தது. பெரியவற்றில் முதல் 787-8, 2025 ஜூலையில் கலிஃபோர்னியாவின் விக்டர்வில்லுக்குப் போனது. சீரமைத்து வரும் 787-8-இல் பிஸினஸ் 20, பிரீமியம் எகானமி 25, எகானமி 205 என்று 250 சீட். 2-2-2 போய் 1-2-1 வருகிறது. அகமதாபாத் விபத்தில் ஒன்று போனபின் மீதமுள்ள 26 விமானங்களையும் முடிக்க 2027 நடுப்பகுதி ஆகும் என்பது 2025-இல் நிறுவனம் சொன்ன கணக்கு. பதின்மூன்று 777-300இஆர் விமானங்களின் முறை 2027 தொடக்கத்தில்தான் வரும், 2028 அக்டோபர் வரை நீளும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. சீட் தயாரிப்பு இன்னும் தாமதமானால் இந்தத் தேதிகளும் நகரும்.

அந்த 777-300இஆர்தான் இந்த விமர்சனத்தில் குறைந்த மதிப்பெண் வாங்குவது. 342 சீட்: முதல் வகுப்பு 4, பிஸினஸ் 35, எகானமி 303. பிஸினஸ் 2-3-2. அதாவது பிஸினஸ் கட்டணம் கொடுத்தும் நடு சீட்டில் இரண்டு பேருக்கு இடையில் உட்காரும் வாய்ப்பு இருக்கிறது. இதில் டிக்கெட் போட்டே ஆக வேண்டுமென்றால் மூன்று சீட் வரிசையின் ஓர சீட் அல்லது ஜன்னல் ஜோடியின் நடைபாதை சீட்டைத் தேர்ந்தெடுங்கள். எகானமி 3-3-3 என்பது இந்த 777-களின் ஒரு நல்ல பக்கம். பல நிறுவனங்கள் இதே உடலில் பத்து சீட் வைத்துவிட்டன. இங்கே ஒன்பதுதான், தோள் இடிக்காது.

கழிவறை விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2025 மார்ச் 5 அன்று சிகாகோவிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்ட 777 விமானம் அட்லாண்டிக் மேல் போய்விட்டுத் திரும்பவும் சிகாகோவுக்கே வந்தது. பன்னிரண்டு கழிவறைகளில் எட்டு அடைத்துக்கொண்டன. குழாய்களில் பாலித்தீன் பை, கந்தல், துணி கிடந்ததாக நிறுவனம் விசாரித்துச் சொன்னது. விமானக் கழிவறையில் தண்ணீர் தள்ளாது, காற்றழுத்த வித்தியாசம் உறிஞ்சும். உயரே பறக்கும்போது வெளியே அழுத்தம் குறைவு. கழிவுத் தொட்டியை அந்தப் பக்கம் திறந்துவிட்டால் கேபின் காற்றே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். வால் பகுதியில் உள்ள தொட்டிக்குப் பல கழிவறைகள் ஒரே குழாயில் சேர்ந்து போகின்றன. அந்தப் பொதுக் குழாயின் வளைவில் ஒரு துணி சிக்கினால் அதற்கு முன்னால் உள்ள கழிவறைகள் எல்லாம் வரிசையாக நின்றுவிடும். பறக்கும்போது அதைத் திறந்து எடுக்க வழியில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் விமானத்தின் குழாய் இது. டயப்பர், ஈரத் துடைப்பான், நாப்கின் எதையும் உள்ளே போடாமல் பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும் என்பதைப் பெற்றோரை அழைத்துச் செல்கிறவர்கள் ஏறும் முன்பே அவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது. அந்த அறிவிப்பைத் தமிழிலும் கதவில் ஒட்டினால் பல பேருக்குப் பயன்படும்.

ஏ320நியோ பற்றிச் சுருக்கமாகப் போதும். சீரமைத்த விமானத்தில் பிஸினஸ் 8, பிரீமியம் எகானமி 24, எகானமி 132. வரிசை இடைவெளி பிஸினஸில் 40 அங்குலம், பிரீமியம் எகானமியில் 32, எகானமியில் 28 முதல் 29. சென்னை–டெல்லி போன்ற மூன்று மணி நேரப் பயணத்துக்கு 32 அங்குலம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த வகுப்பிலும் நடு சீட் உண்டு, 3-3 தான். 28 அங்குலத்தில் ஆறடி ஆள் சிரமப்படுவார். 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்த விஸ்தாரா நிறுவனத்தின் விமானங்கள் தனி. இணைப்பின்போது அவற்றின் சர்வீஸ்களுக்கு 2000 வரிசையில் நான்கு இலக்க எண்கள் கொடுக்கப்பட்டன. எண் 2-இல் தொடங்கும் நான்கு இலக்கமாக இருந்தால் விஸ்தாராவிலிருந்து வந்த விமானமாக இருக்க வாய்ப்பு அதிகம். விஸ்தாராவின் 787-9 வந்தால் தயங்காமல் எடுக்கலாம்.

இனி வழித்தடங்களுக்கு வருவோம். டெல்லியிலிருந்து நியூயார்க்குக்குத் தினமும் ஒரு சர்வீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக ஏறத்தாழ பதினைந்தரை மணி நேரம், வர பதினான்கு. இரண்டு முனையிலும் சுத்தம் செய்ய, எரிபொருள் நிரப்ப, சோதிக்கத் தலா இரண்டரை முதல் மூன்று மணி நேரம். கூட்டினால் முப்பத்தைந்து மணி நேரம். ஒரு விமானத்தால் தினசரி சர்வீஸ் கொடுக்க முடியாது, இரண்டு வேண்டும். இரண்டு விமானம் என்றால் ஒரு சுற்றுக்கு 48 மணி நேரம் கையில் இருக்கிறது. பதின்மூன்று மணி நேரம் மிச்சம். பழுது பார்க்க, தாமதத்தை ஈடுகட்ட அந்த மிச்சம்தான் உதவும்.

2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகிறவை தெற்கே இறங்கி, அரபிக்கடல் பக்கம் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அமெரிக்காவுக்குப் போகும் சிலவற்றுக்கு எரிபொருள் எட்டாது என்பதால் வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ இறங்கி நிரப்ப வேண்டியிருந்தது. பணி நேர விதிப்படி விமானிகளையும் அங்கேயே மாற்ற வேண்டும். அதற்காக ஒரு குழுவை முன்கூட்டி அந்த ஊரில் தங்க வைக்க வேண்டும். 777 மணிக்கு ஏழெட்டு டன் எரிபொருள் குடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பதின்மூன்று மணி நேர மிச்சம் ஏழெட்டாகச் சுருங்கும். அப்புறம் ஒரு சின்னப் பழுது வந்தாலும் அன்றைய சர்வீஸ் மறுநாளுக்குப் போகும், மறுநாளையது ரத்தாகும். ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி ரூபாய் பாதிப்பு என்று நிறுவனத் தலைமையே பொதுவெளியில் சொன்னது.

இந்த இரண்டு நெருக்கடியும் ஒரே இடத்தில் மோதியதை வாஷிங்டன் சர்வீஸில் பார்த்தோம். 2025 செப்டம்பர் 1 முதல் டெல்லி–வாஷிங்டன் நிறுத்தம். நிறுவனம் சொன்ன காரணங்கள் இரண்டு: 26 போயிங் 787-8 விமானங்களைச் சீரமைப்புக்கு அனுப்புவதால் 2026 இறுதி வரையாவது பல விமானங்கள் கையில் இருக்காது, பாகிஸ்தான் வான்வெளி மூடல். சீட் மாற்ற ஒரு விமானத்தை அனுப்பினால் ஒரு ஊர் பட்டியலிலிருந்து போகிறது என்பதன் நேரடி உதாரணம் இது. இந்த முடிவைக் குறை சொல்ல மாட்டோம். இருக்கிற விமானங்களை நீட்டி இழுத்து எல்லா ஊருக்கும் தாமதமாகப் போவதை விட, ஓர் ஊரை விட்டுவிட்டு மற்றவற்றை ஒழுங்காக ஓட்டுவது பயணிக்கு நல்லது.

விமானம் போதாத காலத்தில் குத்தகைக்கு எடுப்பது உண்டு. டெல்டா ஓட்டிய 777-200எல்ஆர் விமானங்களும் எத்திஹாத் ஓட்டிய 777-300இஆர் விமானங்களும் அப்படி வந்தவை. ஏர் இந்தியா தானே எட்டு 777-200எல்ஆர் வாங்கி, அரசு காலத்தில் அவற்றில் ஐந்தை எத்திஹாத்துக்கு விற்றது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. குத்தகை விமானத்தில் கேபின் நன்றாக இருந்தாலும் எல்லா வழித்தடத்துக்கும் அது பொருந்தாது. கேபின் அழுத்தம் போனால் விமானம் பத்தாயிரம் அடிக்கு இறங்க வேண்டும். கீழே உயர்ந்த மலைத்தொடர் இருந்தால் உடனே இறங்க முடியாது. அதுவரை பயணிகளுக்கு ஆக்சிஜன் வர வேண்டும். ரசாயன முறையில் ஆக்சிஜன் தரும் முகமூடிகள் தாங்குவது பன்னிரண்டு முதல் இருபத்திரண்டு நிமிடம். மலைகளின் மேல் நீண்ட நேரம் போக அது போதாது. நீண்ட தூர மலைப்பகுதி வழித்தடங்களில் குத்தகை விமானங்களை இயக்கியதில் விதிமீறல் என்று 2024 ஜனவரியில் இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 1.10 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்த விஷயத்தில் நிறுவனத்துக்குச் சலுகை காட்ட எங்களுக்கு மனமில்லை. கேபின் பழசாக இருக்கலாம், பாதுகாப்புக் கணக்கில் தளர்வு கூடாது.

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில் 787-8 ஒன்று விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள். அந்த இழப்பை விமான எண்ணிக்கையாகப் பேச முடியாது. சர்வீஸ்களின் மீது அதன் விளைவை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம்: 787 (டிரீம்லைனர்) விமானங்கள் அனைத்துக்கும் கூடுதல் சோதனைக்கு உத்தரவு வந்தது, நிறுவனம் பெரிய விமானங்களில் ஓடும் வெளிநாட்டு சர்வீஸ்களில் 15 சதவீதத்தைத் தற்காலிகமாகக் குறைத்தது, ஆகஸ்ட் முதல் படிப்படியாகத் திரும்பக் கொண்டு வந்தது. அந்தச் சமயத்தில் குறைத்தது சரியான முடிவு.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதில் நேரடியாக என்ன? 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியில் புறப்பட்ட டாடாவின் முதல் அஞ்சல் சேவை பம்பாய், பெல்லாரி வழியாக வந்து முடிந்தது சென்னையில்தான். இன்றைக்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்னைக்காரர்கள் ஏர் இந்தியாவில் பெரும்பாலும் டெல்லியிலோ மும்பையிலோ மாறித்தான் போக வேண்டியிருக்கிறது. மாறும் இடத்தில் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக எடுக்காதீர்கள். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் தெற்கிலிருந்து நேராகப் போகிறவர்களுக்குப் பாகிஸ்தான் மூடல் ஒரு பொருட்டே இல்லை, பாதை கடல் மேல்தான்.

திருச்சியிலும் மதுரையிலும் நீங்கள் ஏறுவது பெரும்பாலும் குறைந்த கட்டணப் பிரிவான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 737. திருச்சி ரன்வே சுமார் 2,480 மீட்டர். அகலமான விமானத்தை முழுச் சுமையோடு நீண்ட தூரம் அனுப்ப அது போதாது. 2024-இல் புதிய முனையம் திறந்தாலும் ரன்வே நீளாதவரை லண்டனுக்கு நேர் விமானம் என்ற பேச்சு பேச்சாகவே இருக்கும். மதுரையில் இன்னொரு தடை: பல நாடுகளுடனான வான்வழி ஒப்பந்தங்களில் வெளிநாட்டு நிறுவனம் இறங்கலாம் என்ற ஊர்ப் பட்டியலில் மதுரை இல்லை. இந்திய நிறுவனத்துக்கு அந்தத் தடை கிடையாது. அதனால் மதுரை–வளைகுடா, மதுரை–மலேசியா சர்வீஸ்களைக் கூட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கும் இண்டிகோவுக்கும்தான் முழு வாய்ப்பு, தேவைப்படுவது விமானங்கள்.

அந்த விமானங்கள் எப்படி வருகின்றன? சீன நிறுவனங்களுக்காகக் கட்டி நின்றுபோன சுமார் ஐம்பது 737 மேக்ஸ் விமானங்களை எக்ஸ்பிரஸ் எடுத்துக்கொண்டது. 2023 அக்டோபர் முதல் அவை வரத் தொடங்கின. வேகமாகக் கிடைத்தன. பதிலுக்கு, உள்ளே சீட் அமைப்பு ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் முன்னால் அகலமான பிஸினஸ் சீட்கள் இருந்தன; அவற்றை "எக்ஸ்பிரஸ் பிஸ்" என்று தனியாக விற்றார்கள். அதற்குப் பின் வர வேண்டியவை போயிங் தொழிற்சாலையை நம்பியிருந்தன. 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவில் ஒரு 737 மேக்ஸில் பயன்படாத கதவு இடத்தை மூடியிருந்த பலகை பறக்கும்போது பிய்ந்துபோன பிறகு மாதத்துக்கு 38-க்கு மேல் கட்டக் கூடாது என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு வரம்பு போட்டது. அதே ஆண்டு செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை போயிங்கில் வேலைநிறுத்தம். போயிங் தொழிற்சாலை உள்ள சியாட்டில் பக்கம் நின்ற வேலையால் திருச்சிக்குக் கூடுதல் சர்வீஸ் தள்ளிப்போவது இப்படித்தான். எக்ஸ்பிரஸில் சாப்பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். விமானத்தில் வாங்கினால் விரும்பியது கிடைக்கும் என்று உறுதியில்லை.

டிக்கெட் போடும்போது செய்ய வேண்டியது. "விமான விவரம்" என்ற பகுதியைத் திறந்தால் ரகம் இருக்கும்: 359 என்றால் ஏ350-900, 789 என்றால் 787-9, 788 என்றால் 787-8, 77-க்குப் பின் டபிள்யூ இருந்தால் 777-300இஆர். 788 மட்டும் பழசா புதுசா என்று எண்ணில் தெரியாது; சீட் வரைபடத்தைத் திறந்து பிஸினஸ் பகுதியைப் பாருங்கள், 1-2-1 என்றால் சீரமைத்தது, 2-2-2 என்றால் பழசு. எகானமி பயணிக்கும் இந்த வழி பயன்படும். பயணத்துக்கு மூன்று நாள் முன்பும் முந்தின நாளும் மறுபடி திறந்து பாருங்கள். நீங்கள் எடுத்த சீட் எண் மாறியிருந்தால் விமானம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். வாங்கிய அன்றே வரைபடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வகுப்புக்குள் 1-2-1 போய் 2-3-2 வந்தால் டிஜிசிஏ-வின் வகுப்புக் குறைப்பு விதியில் இழப்பீடு கிடையாது. வகுப்பே குறைந்தால் உண்டு. ஏ350-இல் பிரீமியம் எகானமி எடுத்திருக்கிறீர்கள், வந்தது பழைய 787-8, எகானமியில் உட்கார வைத்தார்கள் என்றால் அது வகுப்புக் குறைப்பு. 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ள டிஜிசிஏ விதிப்படி, உள்நாட்டில் டிக்கெட் தொகையில் வரி உட்பட 75 சதவீதம்; வெளிநாட்டில் 1,500 கிலோமீட்டர் வரை 30, 3,500 வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம். டெல்லி–லண்டன் 6,000 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் 75-தான். கவுன்டரிலேயே "வகுப்புக் குறைக்கப்பட்டது" என்று எழுதி வாங்குங்கள். பழைய, புதிய போர்டிங் பாஸ் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். வவுச்சர் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளும் முன் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். லண்டனிலிருந்தோ ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்தோ திரும்பும்போது நிறுவனத்தின் தவறால் பல மணி நேரம் தாமதமானால் அந்த ஊர்ச் சட்டமே பொருந்தும். நீண்ட தூரத்துக்கு அதிகபட்சம் பிரிட்டனில் 520 பவுண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 600 யூரோ. விண்ணப்பத்தைச் சென்னை அலுவலகத்துக்கு அனுப்பிக் காத்திருக்காமல் நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகப் போட்டு, வரும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.